நாலு டிஸ்க்கும் நலம், சர்வர் மட்டும் எழவில்லை

எங்கள் அலுவலகத்தில் ஐந்து பேர். புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைத்துக் கொடுப்பது தொழில். பதினோரு வருடத்துப் பக்கக் கோப்புகள், எழுத்துருக்கள், ஸ்கேன் செய்த படங்கள் எல்லாம் ஒரே சர்வரில் இருக்கின்றன. அதில் ட்ரூநாஸ் என்ற சர்வர் இயக்க அமைப்பு ஓடுகிறது. நாலு ஹார்ட் டிஸ்க், இரண்டு இரண்டாக மிரர், அதாவது ஒன்றில் எழுதுவது அதன் ஜோடியிலும் அப்படியே எழுதப்படும். அந்த நாலு டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்க மூன்று வாரம் படித்தேன். எழுதும் முறை சிஎம்ஆரா எஸ்எம்ஆரா, எத்தனை சுழற்சி, எத்தனை வருட வாரண்டி என்று ஒரு நோட்டே நிரம்பியது. சர்வர் எழும்போது இயக்க அமைப்பை ஏற்றும் பூட் டிரைவுக்கு, மேசை இழுப்பறையில் கிடந்த 16 ஜிபி பென் டிரைவை எடுத்துச் செருகினேன். நோட்டில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

மூன்று வருடம் ஓடியது. ஒரு காலை, அப்டேட் போட்டுவிட்டு ரீஸ்டார்ட் கொடுத்தேன். திரும்பி வரவில்லை. மானிட்டரை இழுத்து வந்து மாட்டிப் பார்த்தால், பூட் செய்ய எந்த டிரைவும் இல்லை என்கிறது பயாஸ். பென் டிரைவைக் கழற்றி லேப்டாப்பில் செருகினேன். விளக்கு எரிந்தது, லேப்டாப்புக்கு மட்டும் அது கண்ணில் படவில்லை.

எங்களோடு வேலை செய்யும் தம்பி பின்னால் வந்து நின்றார். அன்று அவர் அச்சுக்கு அனுப்ப வேண்டிய புத்தகம் ஒன்று இருந்தது.

"அக்கா, ஃபைல் எல்லாம் போயிடுச்சா?"

"ஃபைல் டிஸ்க்ல பத்திரமா இருக்கு தம்பி. அதைத் திறந்து கொடுக்கத்தான் ஆள் இல்ல."

சொல்லிவிட்டேனே தவிர, அது உண்மைதானா என்று எனக்கே அடுத்த ஒரு மணி நேரம் கழித்துத்தான் உறுதியானது. வேறொரு பென் டிரைவில் ட்ரூநாஸைப் புதிதாக நிறுவி, நாலு டிஸ்க்கும் சேர்ந்த சேமிப்பான பூலை இம்போர்ட் செய்தேன். ட்ரூநாஸ் பயன்படுத்தும் கோப்பு முறையான இசட்எஃப்எஸ் தன் அமைப்பு விவரங்களை டேட்டா டிஸ்க்குகளிலேயே எழுதி வைத்துக்கொள்வதால், பூல் இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது. கோப்பு ஒன்றும் சேதமில்லை.

ஆனால் சர்வர் என்பது கோப்பு மட்டும் இல்லை. யார் யார் பயனர், யாருக்கு எந்த ஃபோல்டர், எந்த நேரத்தில் ஸ்னாப்ஷாட் என்ற நிலைப்பதிவு, யுபிஎஸ்ஸில் சார்ஜ் எவ்வளவு இறங்கினால் சர்வர் தானாக அணைய வேண்டும், தவறு வந்தால் எந்த முகவரிக்கு மெயில் போக வேண்டும் என்று மூன்று வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்த அத்தனை செட்டிங்கும் பென் டிரைவில்தான் இருந்தது. ஐந்து பயனர்களையும் ஞாபகத்தில் இருந்த வரிசையில் உருவாக்கினேன். அங்கேதான் இன்னொரு சிக்கல். டிஸ்க்கில் உள்ள கோப்பு தன் உரிமையாளரைப் பெயரால் அறியாது, எண்ணால்தான் அறியும். நான் உருவாக்கிய வரிசை பழைய வரிசை இல்லை. கணக்கு பார்ப்பவரின் ஃபோல்டர் படம் ஸ்கேன் செய்பவருக்குத் திறந்தது. கணக்கு பார்ப்பவருக்கு அது மூடிக்கொண்டது. எந்த எண் யாருடையது என்று ஒவ்வொரு ஃபோல்டராகப் பார்த்துச் சரிசெய்து முடித்தபோது இருட்டிவிட்டது.

இன்னொன்றை இப்போது நினைத்தாலும் கை சில்லிடுகிறது. பதிப்பாளர்களின் ஒப்பந்தங்கள் இருக்கும் டேட்டாசெட், அதாவது பூலுக்குள் பிரித்த தனிப் பகுதி, என்கிரிப்ட் செய்யப்பட்டது. அதைப் பூட்ட இரண்டு வழி இருந்தது: நாமே ஒரு பாஸ்ஃபிரேஸ் கொடுக்கலாம், அல்லது ட்ரூநாஸே ஒரு கீ உருவாக்கித் தன்னிடம் வைத்துக்கொள்ளும். நான் பாஸ்ஃபிரேஸைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அது டைரியில் இருந்தது. கீயைத் தேர்ந்தெடுத்திருந்தால், அந்தக் கீயும் பூட் டிரைவில் செட்டிங்குகளை வைத்திருக்கும் கன்ஃபிக் தரவுத்தளத்தில்தான் இருந்திருக்கும். வெளியே ஒரு பிரதி எடுத்து வைக்காத நிலையில், பென் டிரைவ் போன அந்த நிமிடமே ஒப்பந்தங்களும் போயிருக்கும். டிஸ்க் நாலும் முழு ஆரோக்கியத்தோடு ஓடிக்கொண்டே இருந்திருக்கும். உள்ளே இருப்பதை எவராலும் படித்திருக்க முடியாது.

அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரே கேள்விதான். பென் டிரைவ் ஏன் செத்தது? பென் டிரைவே போதும் என்று அத்தனை பேர் எழுதியிருந்தார்களே?

தேடியதில் புரிந்தது, அவர்கள் எழுதியது அந்தக் காலத்துக்குச் சரி. ட்ரூநாஸின் பழைய வடிவமான ஃப்ரீநாஸை 2005இல் ஒலிவியே கோஷார்-லாபே தொடங்கியபோது, அது எம்0என்0வால் என்ற ஃபயர்வால் அமைப்பின் மேல் கட்டப்பட்ட சிறு பொருள். பூட் ஆகும்போது முழு இமேஜையும் பென் டிரைவிலிருந்து ராமுக்கு ஏற்றிக்கொள்ளும். பிறகு பென் டிரைவைத் தொடாது. நாம் செட்டிங் மாற்றினால் மட்டும் ஒரு சின்னக் கோப்பு எழுதப்படும். அப்படிப்பட்ட வேலைக்கு எந்தப் பென் டிரைவும் போதும். 2014 டிசம்பரில் வந்த 9.3 பதிப்பில் நிலைமை மாறியது. பூட் டிரைவே ஒரு இசட்எஃப்எஸ் பூல் ஆனது. ஒவ்வொரு அப்டேட்டும் தனி பூட் என்விரான்மென்ட்டாக, அதாவது அமைப்பின் தனிப் பிரதியாக எழுதப்பட்டது. ஏதாவது தவறினால் பழையதற்குத் திரும்பலாம் என்ற பெரிய வசதி கிடைத்தது. கூடவே பூட் டிரைவில் எழுதும் வேலையும் கூடியது. அமைப்பு மாறிய பிறகும் பழைய ஆலோசனை மட்டும் வருடக்கணக்கில் கைமாறிக்கொண்டே இருந்தது. அது என் கைக்கும் வந்து சேர்ந்தது.

அதற்கு மேல் நானும் ஒன்று செய்திருந்தேன். இரவில் ஹார்ட் டிஸ்க்குகள் ஓயட்டும் என்று, லாக்குகளும் வரைபடக் கணக்குகளும் எழுதப்படும் சிஸ்டம் டேட்டாசெட்டை டேட்டா பூலிலிருந்து பூட் பூலுக்கு எட்டு மாதம் முன்பு நகர்த்தினேன். டிஸ்க்குகள் ஓய்ந்தன. பென் டிரைவுக்கு அன்றிலிருந்து ஓய்வே இல்லை. இரவும் பகலும் சில விநாடிக்கு ஒருமுறை எழுத்து. பென் டிரைவின் உள்ளே இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் ஒரு சின்ன மாற்றத்துக்கும் ஒரு பெரிய தொகுதியை அழித்து எழுத வேண்டும். எங்கள் தொழிலில் சொன்னால், ஒரு எழுத்துப் பிழைக்காகப் பதினாறு பக்க ஃபாரம் முழுவதையும் மறுபடி அச்சடிப்பது போல. எஸ்எஸ்டியில் உள்ள கன்ட்ரோலர் இந்தச் சுமையை எல்லா செல்களுக்கும் பரப்பிக் கொடுக்கும். பென் டிரைவின் கன்ட்ரோலர் அதற்காகச் செய்யப்பட்டது இல்லை.

இன்னும் வருத்தமான விஷயம், ட்ரூநாஸ் தினமும் கன்ஃபிக்கின் ஒரு பிரதியை அந்தச் சிஸ்டம் டேட்டாசெட்டில்தான் சேமித்து வந்திருக்கிறது. நகர்த்திய பிறகு எழுதிய பிரதிகள் எல்லாம் பென் டிரைவோடு போயின. அதற்கு முந்தையது டிஸ்க்கில் எங்காவது இருக்கிறதா என்று அன்று தேடவும் இல்லை. அப்படி ஒரு பிரதி எடுக்கப்படுகிறது என்பதே எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

எச்சரிக்கை வரவில்லை என்றும் சொல்ல முடியாது. பூட் பூலை வாரம் ஒருமுறை முழுக்கப் படித்துச் சரிபார்க்கும் ஸ்கிரப் முடிந்து, செக்சம் தவறு, அதாவது எழுதியதோடு பொருந்தாத இடம், நாலு என்று ஒரு மெயில் வந்திருந்தது. க்ளியர் செய்துவிட்டு வேலையைப் பார்த்தேன். அந்த நாலு என்ற எண்ணைப் பார்த்த அன்றே மாற்றியிருக்க வேண்டும். பென் டிரைவில் வழக்கமாக ஸ்மார்ட் என்ற உடல்நிலை விவரம் கிடையாது. எவ்வளவு தேய்ந்தது, எத்தனை மணி நேரம் ஓடியது என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. அந்த ஸ்கிரப் மெயில் ஒன்றுதான் அது பேசிய பேச்சு.

எனவே புதிய பூட் டிரைவுக்கு என் முதல் நிபந்தனை வேகம் இல்லை, கொள்ளளவும் இல்லை. தன் உடல்நிலையைச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும்.

வேகத்தைப் பற்றி ஒரே வரி: பூட் டிரைவின் வேகம் சர்வர் எழும் நேரத்தில் மட்டும் தெரியும், கோப்புப் பரிமாற்றத்தில் தெரியாது. ட்ரூநாஸில் பூட் டிரைவை முழுவதுமாக அமைப்பே எடுத்துக்கொள்கிறது. மிச்ச இடத்தில் நம் கோப்பை வைக்க முடியாது. அதனால் 1 டெராபைட் டிரைவை அங்கே மாட்டுவது வீண்.

எங்கள் மதர்போர்டில், சின்ன எஸ்எஸ்டி அட்டையை நேராகச் செருகும் எம்.2 இடம் ஒன்று காலியாக இருந்தது. கேபிள் வேண்டாம், மின் இணைப்பு வேண்டாம், இதைவிடச் சுத்தமான வழி ஏது என்று ஒரு சின்ன எம்.2 எஸ்எஸ்டியை மாட்டினேன். சர்வர் எழுந்தது. நாலு டேட்டா டிஸ்க்கில் இரண்டைக் காணோம். இரண்டும் ஒரே மிரரைச் சேர்ந்தவை என்பதால் பூல் திறக்கவே இல்லை. ஒரு வாரத்தில் இரண்டாவது முறை அந்தக் கேபினெட் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். எதையும் தொடாமல் அணைத்து, எம்.2வைக் கழற்றி, மறுபடி எழுப்பினேன். நாலும் வந்தன.

விடை மதர்போர்டின் கையேட்டில், ஒரு அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது. எம்.2 இடத்தில் ஒன்றை மாட்டினால் டிஸ்க் கேபிள் மாட்டும் 5, 6 எண் சாட்டா போர்ட்டுகள் வேலை செய்யாது. இரண்டுக்கும் சிப்செட்டிலிருந்து போகும் பாதை ஒன்றுதான். யாராவது ஒருவர்தான் அதில் போக முடியும். எல்லா போர்டிலும் இப்படி இல்லை. சிலவற்றில் சாட்டா வகை எம்.2வுக்கு மட்டும் ஒரு போர்ட் அணையும், சிலவற்றில் எதுவும் அணையாது. பழைய போர்டாக இருந்தால் என்விஎம்இ வகை எம்.2விலிருந்து பூட் செய்யவே பயாஸுக்குத் தெரியாமலும் போகலாம். டிரைவ் வாங்கும் முன் கையேட்டில் அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். எனக்கு அது இரண்டு மணி நேர நடுக்கத்துக்குப் பிறகுதான் கிடைத்தது.

எம்.2 வேண்டாம் என்றால் எங்களுக்கு 1, 2 சாட்டா போர்ட்டுகள் காலி. இரண்டிலும் சாதாரண 2.5 அங்குல எஸ்எஸ்டி, 120 ஜிபி அளவில், மிரராக. முடிவு இவ்வளவுதான், ஆனால் அதற்குள் இரண்டு யோசனை இருந்தது.

ஒன்று, தேய்மானம். சிஸ்டம் டேட்டாசெட்டை டேட்டா பூலுக்கே திருப்பிவிட்டேன். இருந்தாலும் மோசமான நிலையை வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 6 ஜிபி எழுதினால் வருடத்துக்கு 2.2 டெராபைட்டுக்குச் சற்றுக் குறைவு. 40 டெராபைட் எழுதத் தாங்கும் என்று குறிப்பிட்ட எளிய எஸ்எஸ்டிகூட 18 வருடம் வரும். சின்னச் சின்ன எழுத்துகளால் உள்ளே மூன்று மடங்கு தேய்கிறது என்று வைத்தாலும் 6 வருடம். இதைப் பார்த்த பிறகு தேய்மானக் கவலையை விட்டுவிட்டேன். தங்கள் டிரைவின் ஸ்மார்ட் விவரத்தில் இதைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: என்விஎம்இயில் எழுதிய அளவைக் காட்டும் ஒரு யூனிட் என்பது 5,12,000 பைட்; இது தரநிர்ணயம். சாட்டாவில் 241ஆம் எண் விவரம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு அலகில் இருக்கும். இரண்டு நிறுவனத்து எண்களை அப்படியே ஒப்பிடாதீர்கள்.

திடீர் மின்வெட்டைப் பற்றியும் யோசித்தேன். நிறுவனங்களுக்கான எஸ்எஸ்டிகளில் கெப்பாசிட்டர் இருக்கும். மின்சாரம் போன பிறகும் கையில் இருப்பதை எழுதி முடிக்கும். இன்டெல் டிசி எஸ்3500 போன்ற பழைய டிரைவ்கள் 80 ஜிபியிலேயே உண்டு, பயன்படுத்தியதாகக் கிடைத்தால் பூட் டிரைவுக்கு மிக நல்லவை. எங்களிடம் யுபிஎஸ் இருப்பதால் நான் அதை வலியுறுத்தவில்லை. யுபிஎஸ் இல்லாதவர்கள் வலியுறுத்தலாம்.

இரண்டாவது யோசனைதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. மிரருக்கு ஒரே மாடலில் இரண்டு வாங்காமல் இரண்டு வேறு நிறுவனங்களின் டிரைவை வாங்கினேன். மிரர் ஒரு டிரைவ் சாவதைத் தாங்கும். இரண்டும் ஒரே காரணத்தால் ஒரே நாளில் சாவதைத் தாங்காது. இது வெறும் பயம் இல்லை. 2019 நவம்பரில் சர்வர் நிறுவனமான எச்பிஇ தன் சில எஸ்ஏஎஸ் வகை எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம் ஓடியதும் செயலிழந்துவிடும் என்று அறிவித்து, அதற்கு முன் போட்டுக்கொள்ள, டிரைவின் உள் மென்பொருளான ஃபர்ம்வேருக்குத் திருத்தம் தந்தது. 32,768 மணி நேரம் என்றால் 3 வருடம், 270 நாள், 8 மணி நேரம். ஒரே நாளில் மாட்டிய டிரைவ்கள் ஒரே மணியில் அந்த எண்ணைத் தொடும். டேட்டா டிஸ்க்கில் வேறு வேறு மாடல் கலப்பதற்கு அளவு, வேகம் என்று தடைகள் உண்டு. பூட் மிரரில் ஒரு தடையும் இல்லை.

வீட்டில் இருக்கும் சின்ன சர்வர் வேறு கதை. அதில் இருப்பது ஓபன்மீடியாவால்ட், டெபியன் லினக்ஸ் மேல் ஓடும் இன்னொரு சர்வர் அமைப்பு. அங்கே எம்.2 இடம் யாரோடும் பாதையைப் பகிரவில்லை, எனவே பழைய 16 ஜிபி இன்டெல் ஆப்டேன் ஒன்றை மாட்டினேன். ஆப்டேன் ஃபிளாஷ் வகை இல்லை, 3டி எக்ஸ்பாயின்ட் என்ற வேறு நினைவகம்; சின்ன எழுத்துக்கு ஒரு தொகுதியை அழிக்க வேண்டியதில்லை. 2022இல் இன்டெல் அந்தத் தொழிலையே முடித்துக்கொண்டது, ஆனால் அந்தச் சின்னத் துண்டுகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. உழைப்பில் குறையே இல்லை. குறை அளவில் வந்தது. ஒருநாள் பேக்கப் டிஸ்க் மவுன்ட் ஆகவில்லை, அதாவது தனக்குரிய ஃபோல்டரோடு இணையவில்லை. இரவு பேக்கப் வேலை அது தெரியாமல், காலியாக இருந்த அதே ஃபோல்டருக்குள், அதாவது பூட் டிரைவுக்குள்ளேயே எழுதிக்கொண்டே போனது. 16 ஜிபி எத்தனை நேரம் தாங்கும்? காலையில் நிர்வாகப் பக்கத்தில் பாஸ்வேர்டு போட்டால் உள்ளே விடாமல் மறுபடி பாஸ்வேர்டே கேட்டது, உள்நுழைந்ததைக் குறித்துக்கொள்ளக்கூட இடம் இல்லை. விசைப்பலகையை நேராக மாட்டி அழிக்க வேண்டியதாயிற்று. இப்போது பேக்கப் வேலை, டிஸ்க் மவுன்ட் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்குகிறது. கன்டெய்னர்கள் ஓட்டுகிறவர்கள் அவற்றின் இமேஜ்களையும் பூட் டிரைவிலிருந்து வெளியே வைப்பது நல்லது.

சாட்டாவும் இல்லை, எம்.2வும் இல்லை, யூஎஸ்பிதான் வழி என்கிறவர்களுக்கு: பென் டிரைவுக்குப் பதில், யூஎஸ்பி உறைக்குள் போட்ட எஸ்எஸ்டி. வடிவம்தான் யூஎஸ்பி, உள்ளே உண்மையான கன்ட்ரோலர். ஸ்மார்ட் விவரத்தை உள்ளிருந்து வெளியே அனுப்பும் உறைதானா என்று முதலில் பாருங்கள். மிரருக்கு ஒரே மலிவு உறையில் இரண்டு வாங்கினால், சில உறைகள் இரண்டுக்கும் ஒரே சீரியல் எண்ணைக் காட்டிக் குழப்பும். அன்ரெய்டு என்ற சர்வர் அமைப்பை ஓட்டுகிறவர்களுக்கு என் புலம்பல் பொருந்தாது. அது பென் டிரைவிலிருந்து ராமுக்கு ஏறி ஓடும்படியே செய்யப்பட்டது, லைசன்ஸே வழக்கமாக அந்தப் பென் டிரைவின் அடையாள எண்ணோடு கட்டப்படுவது. சினாலஜி நிறுவனத்தின் ஆயத்த சர்வர் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது, அமைப்பு ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஒரு சிறு பகுதியில் தன் பிரதியை வைத்திருக்கும்.

இவ்வளவு யோசித்து வாங்கிய இரண்டு எஸ்எஸ்டியைவிட, அன்று காலை என்னிடம் இருந்திருக்க வேண்டியது ஒரு கோப்பு. ட்ரூநாஸில் கன்ஃபிக்கை டவுன்லோட் செய்யும்போது சீக்ரெட் சீட் என்ற ரகசியத் திறவுகோலையும் சேர்க்கவா என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதை டிக் செய்யாமல் எடுத்தால், செட்டிங் எல்லாம் வரும். உள்ளே பூட்டி வைத்த பாஸ்வேர்டுகளும் டேட்டாசெட் கீகளும் வேறொரு டிரைவில் திறக்காது. டிக் செய்து எடுத்த கோப்பு அலுவலகத்தின் சாவிக்கொத்து மாதிரி; அதை அதே சர்வரில் வைக்கக் கூடாது, கண்ட இடத்திலும் வைக்கக் கூடாது. நான் என் லேப்டாப்பிலும் வீட்டு சர்வரிலும் பூட்டி வைத்திருக்கிறேன். ஐந்து பயனர்களின் எண்களை டைரியில், பாஸ்ஃபிரேஸுக்குப் பக்கத்தில், கையால் எழுதியும் வைத்தேன்.

எல்லாம் முடிந்து ஒரு சனிக்கிழமை வேலை ஓய்ந்த பிறகு சோதித்துப் பார்த்தோம். ஓடிக்கொண்டிருந்த சர்வரில் ஒரு பூட் எஸ்எஸ்டியின் கேபிளைத் தம்பி பிடுங்கினார். சர்வர் அசையவில்லை; சற்று நேரத்தில் என் போனுக்கு மெயில் வந்தது. அணைத்து, அந்த ஒற்றை டிரைவோடு எழுப்பினோம், எழுந்தது. கேபிளைத் திருப்பி மாட்டியதும் விடுபட்டதை எழுதிக்கொண்டது. பிறகு இரண்டு எஸ்எஸ்டியையும் கழற்றிவிட்டு, வெறும் டிரைவ் ஒன்றைத் தம்பியிடம் கொடுத்தேன்.

"நான் இன்னிக்கு லீவுன்னு வெச்சுக்கோ. எழுப்பு."

"நீங்க வாயைத் திறக்கக் கூடாதுக்கா."

நிறுவினார், கன்ஃபிக்கை ஏற்றினார், ரீஸ்டார்ட் கொடுத்தார். 35 நிமிடத்தில் ஐந்து பேருக்கும் அவரவர் ஃபோல்டர் அவரவர் பெயரில் திறந்தது. ஒப்பந்த டேட்டாசெட் மட்டும் பாஸ்ஃபிரேஸ் கேட்டு நின்றது; கேட்கத்தான் வேண்டும்.

அந்த உதிரி டிரைவை ஒரு கவரில் போட்டு, கேபினெட் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறோம். பழைய பதிப்பில் புதிய பதிப்பின் கன்ஃபிக் ஏறாது என்பதால், எந்தப் பதிப்பை நிறுவ வேண்டும், கன்ஃபிக் எந்தத் தேதியில் எடுத்தது என்று கவர் மேல் தம்பி எழுதினார். ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் புதிய கன்ஃபிக்கை எடுத்துவிட்டு, பழைய வரியை அடித்துவிட்டுக் கீழே புதிய வரி எழுதுகிறார். இதுவரை மூன்று வரிகள் அடிபட்டிருக்கின்றன.